நுனி மடித்த டேப்

முதலில் உங்கள் ஸ்டேஷன் ஃபேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன் சார். சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. கெப்பாசிட்டர் பலவீனமாகிவிட்டது. சின்ன சாமான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் மாற்றிவிடலாம். உள்ளே வந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பேசிக்கொண்டே போட்டுக் கொடுத்துவிடுவேன். கொடுக்க மாட்டீர்கள், புரிகிறது. பரவாயில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் நடுவில் குறுக்கிட்டால் எனக்குக் கோர்வை போய்விடும். வயரிங் வேலையும் அப்படித்தான், ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகப் போனால்தான் மறுமுனை கைக்கு வரும்.

என் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். கீழே பட்டறை, மேலே குடித்தனம். லாரி, வேன், கார் எது வந்தாலும் எலெக்ட்ரிக்கல் வேலை மட்டும்தான் செய்வேன், எஞ்சினைத் தொட மாட்டேன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது என் தங்கச்சி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நான்தான் வளர்த்தேன். இரட்டைச் சடை பின்னக்கூடக் கற்றுக்கொண்டேன். வயர் முறுக்குகிற கைக்கு அது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பட்டறையில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் கழற்றுகிற சாமான்களில் நல்லது என்றால், வயர் செருகுகிற அதன் பின்களுக்கு மேல் டேப் ஒட்டி வைப்போம், தூசியும் ஈரமும் போகாமல் இருக்க. ஒட்டிய டேப்பின் நுனியைக் கொஞ்சம் மடித்துவிட வேண்டும். அப்போதுதான் பிறகு நகத்தால் சுரண்டாமல் பிரிக்க முடியும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் நான் ஏதோ யோசனையில், கருகிப்போன சாமான் ஒன்றுக்கு டேப் ஒட்டிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "செத்ததுக்கு எதுக்குண்ணா டேப்பு? அதுக்குச் சளி புடிச்சிடுமா?" என்று நாள் முழுக்கக் கேலி செய்தாள். எங்கள் வீட்டில் அப்போது நிறையச் சிரிப்பு இருந்தது சார்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். ஒட்டு உறவு என்று யாரும் இல்லாதவர். சொந்தமாகப் பழைய லாரி ஒன்று மட்டும் வைத்திருந்தார், என் பட்டறைக்கு வந்து போய்ப் பழக்கம். "யாருமில்லாத ஆளுக்கா குடுக்கறீங்க?" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா என்னிடமே கேட்டார். யாருமில்லை என்பதால்தான் கொடுத்தேன். கூட்டிக்கொண்டு போக அவருக்கு ஊரும் இல்லை, வீடும் இல்லை. கல்யாணம் முடிந்ததும் ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் மாடிக்கு வந்துவிட்டார். அதற்கு முன்னால் வந்த வரன்கள் எல்லாம் தூரத்துக்காரர்கள். அவை ஏன் தட்டிப்போயின என்பது இந்தக் கேஸுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், வாய் திறந்தால் கிண்டல். தன் லாரிக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருந்தார். "பெரியவர் இன்னைக்கு எந்திரிக்கவே மாட்டேங்கறாரு மச்சான், வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று காலையில் என்னை எழுப்புவார். எனக்கும் அவரைப் பிடிக்கும். பிடிக்காத ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எப்படி அத்தனை நாள் ஒரே மேசையில் சாப்பிட்டிருப்பேன்?

பெரியவருக்கு மூளைக் கோளாறு வந்தது மழைக்காலத்துக்குச் சற்று முன்னால். ஒரு சிக்னலில் நிற்கும்போது ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. முன்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் இறங்கிச் சண்டைக்கு வந்திருக்கிறார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "நான் இல்ல சார், பெரியவர்தான் கூப்புடறாரு" என்றாராம். அதை நடித்துக் காட்டியபோது தங்கச்சிக்குப் புரையேறிவிட்டது. அடுத்த வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்லைட்டும் வைப்பரும் ஒன்றாக அணைந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தாமாக வந்தன. அதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. "இனிமே அது சரியாகற வரைக்கும் நான் அந்த வண்டில ஏற மாட்டேன், நீங்களும் ஏறாதீங்க" என்று தங்கச்சி கறாராகச் சொல்லிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பாத்துச் சொன்னாத்தாண்ணா நம்புவேன்" என்றாள்.

லாரியைப் பட்டறைக்குள் ஏற்றினேன். இந்த மாதிரிக் கோளாறுக்கு எடுத்த எடுப்பில் யாரும் மாட்யூல் என்கிற மூளைப் பெட்டியைக் குற்றம் சொல்லக்கூடாது. பாதிப் பேர் அப்படித்தான் நல்ல சாமானைத் தூக்கி எறிகிறார்கள். பேட்டரி, ஃபியூஸ், பாடிக்குப் போகிற எர்த் வயர், கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். எல்லாம் சுத்தம். கடைசியில் டேஷ்போர்டுக்கு அடியில், டிரைவர் முழங்காலுக்கு மேலே இருக்கிற கறுப்புப் பெட்டிக்கு வந்தேன். பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். லைட், வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, எது எரிய வேண்டும் எது ஓட வேண்டும் என்று உத்தரவு போடுவது அதுதான். தங்கச்சியின் தலைமுடி உலர்த்துகிற மெஷினைக் கேட்டு வாங்கி, அந்தப் பெட்டியின்மேல் சூடாக ஊதினேன்.

சும்மா சூடு காட்டினால் ஒன்றும் ஆகவில்லை. ஹெட்லைட்டைப் போட்டேன், அப்போதும் இல்லை. வைப்பரையும் சேர்த்தேன், இல்லை. கண்ணாடியில் ஆவி படியாமல் ஊதுகிற ப்ளோயரையும் போட்டவுடன் எல்லாம் ஒன்றாகச் செத்தன. கொஞ்சம் ஆறியதும் உயிர் வந்துவிட்டது. உள்ளே ஏதோ ஈயப் பற்று கண்ணுக்குத் தெரியாத அளவு விரிசல் விட்டிருக்கிறது. சூடும் மூன்று பளுவும் சேர்ந்தால் விரியும். ஆறிவிட்டால் எந்தக் கொம்பனாலும் அதில் குறை கண்டுபிடிக்க முடியாது. ஆக, அந்த மூன்றும் சேர்ந்து நெடுநேரம் ஓடுகிற இடம் எது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மழை, பனிமூட்டம், மலைப்பாதை. அன்றைக்கே எனக்கு அது தெரியும். தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

பழைய இரும்புக் கடையில் இதே ரக லாரி ஒன்று உடைப்புக்கு வந்திருந்தது. அதிலிருந்து ஒரு மாட்யூலைக் கழற்றி வந்தேன். நம்பர் பார்த்து, ஒரு நாள் முழுக்கச் சூடு காட்டிச் சோதித்து, அப்புறம்தான் மாட்டினேன். வேறு வண்டியின் மாட்யூல் என்றால் இந்த வண்டியின் சாவியை அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டரைச் செருகி அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. மாப்பிள்ளை லைட்டைப் போட்டார், வைப்பரைப் போட்டார், ஹாரனை அடித்துப் பார்த்தார். "பெரியவருக்குப் புத்தி வந்துருச்சு மச்சான்" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்தச் சாயங்காலம் வரைக்கும் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை சார்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவர் ஆரம்பித்தார்.

"மச்சான், ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க மாப்ள."

"ஒரு கம்பெனில வேலை கெடைச்சிருக்கு. அவங்க வண்டிங்களப் பாத்துக்கணும், அவ்வளவுதான். குடியிருக்க வீடும் தர்றாங்க. கடல் பக்கத்துலயே."

"எவ்வளவு தூரம்?"

"தூரம்தான். ரயில்ல ஏறுனா ஒரு பகல் ஒரு ராத்திரி ஆகும். மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் பெரியவர வாங்கிக்கறேன்னு சொல்லிட்டாரு. நாளைக்குக் கொண்டுபோய் விட்டுட்டு பஸ்ல வந்துடுவேன். அப்புறம் நாங்க கெளம்பிடலாம்னு."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தம்ளர் நிறைந்து வழிந்தது.

"நான்தாண்ணா போலாம்னு சொன்னேன்" என்றாள். "உன்ன விட்டுட்டுப் போறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எனக்குன்னு ஒரு வீடு, நானே வெளக்கேத்தி, நானே பூட்டித் தொறந்து, அதெல்லாம் எப்பண்ணா பாக்கறது? லீவுக்கு நீ வா. உனக்குத் தனி ரூமே போட்டு வைக்கறேன்."

அவர் சொல்லிக்கொடுத்துத்தான் அப்படிப் பேசினாள் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளாக அப்படியெல்லாம் பேச மாட்டாள். "ரொம்ப நல்லது" என்றேன். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு பேருக்கும் பெரிய நிம்மதி. மாப்பிள்ளை பழையபடி கிண்டலை ஆரம்பித்தார், அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான் அவரைக் கொல்ல நினைக்கவில்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கால் போதும் என்று நினைத்தேன். கால் ஒன்று முறிந்தால் அந்தக் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும், கடல் பக்கத்து வீடும் போகும். அவர் மாடியில் படுத்திருப்பார், தங்கச்சி பார்த்துக்கொள்வாள், இரண்டு பேரையும் நான் பார்த்துக்கொள்வேன். மாடிப்படி ஏற முடியாதே என்று கீழ் அறையைக் காலி செய்து கொடுப்பதுகூட மனதுக்குள் தீர்மானமாகிவிட்டது. கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்பது வரைக்கும் யோசித்தேன். ஒரு மனிதனைக் கெடுக்க நினைக்கிறவன் அவனுடைய கட்டிலைப் பற்றி யோசிப்பானா?

விடிந்ததும் கீழே இறங்கினேன். ஆமாம் சார், நல்லதைக் கழற்றிவிட்டுப் பழையதைத் திரும்ப மாட்டியது நான்தான். சுலபமான வேலை. பழையது அந்த வண்டியிலேயே பிறந்தது, சாவியை அது மறக்கவில்லை. வண்டி ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. செல்போனில் மலைப் பக்கம் சாயங்காலம் மழை என்று போட்டிருந்தது. பார்த்தேன். ஆனால் மழையைப் பெய்ய வைத்தது நானில்லை.

கழற்றிய சாமானை டப்பாவில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுப்பது என் வழக்கம். மாற்றினேன் என்று சொல்லி மாற்றாமல் ஏமாற்றுகிற ஆட்கள் எங்கள் தொழிலில் உண்டு, அந்தப் பேச்சு எனக்கு வரக்கூடாது. மாப்பிள்ளை டீயோடு இறங்கி வந்தபோது சாவியையும் டப்பாவையும் கொடுத்தேன். "இதுதான் பெரியவரோட பழைய மூளையா? ஞாபகத்துக்கு வச்சுக்கறேன் மச்சான்" என்று மாடிக்குக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். அதில் இருந்தது நல்லது. கழற்றியதும் அதன் பின்களுக்கு மேல் டேப் ஒட்டி நுனியை மடித்தும் விட்டிருக்கிறேன். நான் ஒட்டவில்லை, என் கை ஒட்டியது. நீங்கள் டப்பாவைத் திறந்து காட்டும் வரைக்கும் எனக்கு அது நினைவிலேயே இல்லை.

கிளம்புகிற நேரத்தில் தங்கச்சி ஒரு கைப்பையோடு இறங்கி வந்தாள். புதுத் துணி உடுத்தியிருந்தாள்.

"நானும் போறேண்ணா. இவர் பெரியவர வித்துட்டா அப்புறம் எப்ப ஏறுறது? மலையெல்லாம் பாத்துட்டு பஸ்ல வந்துடுவோம்."

"உனக்குத்தான் பயமாச்சே."

"நீ மாத்திட்டல்ல? அப்புறம் எனக்கென்ன பயம்?"

மாத்திட்டல்ல என்றுதான் கேட்டாள். ஒரு வார்த்தை போதும், வண்டியை நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்ன காரணம் சொல்வது? முந்தின நாள்தான் எல்லாம் சரி என்று கையடித்துக் கொடுத்திருக்கிறேன். என் வேலையில் குறை என்று என் வாயாலேயே எப்படிச் சொல்வேன்? அவள் பக்கத்தில் இருந்தால் மாப்பிள்ளை மெதுவாகத்தான் ஓட்டுவார் என்றும் நினைத்தேன். அது நியாயமான கணக்குதானே?

"மாத்திட்டேம்மா" என்றேன்.

அவள் ஏறி உட்கார்ந்ததும் நானே சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். "என்னண்ணா, ஸ்கூலுக்கு அனுப்பற மாதிரி" என்று என் தலையைக் கலைத்துவிட்டாள். அந்த பெல்ட்டால்தான் இன்று அவள் உயிரோடு இருக்கிறாள், டாக்டரே சொன்னார். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மாப்பிள்ளை எஞ்சினைக் கிளப்பியபோது அவரிடமும் ஒரு வார்த்தை சொன்னேன்.

"மழை புடிச்சா ப்ளோயரப் போட்டுக்குங்க மாப்ள. கண்ணாடில ஆவி படியாது."

"சரி மச்சான்" என்றார். பெரியவரிடம் "கெளம்பலாமா ஐயா?" என்று கேட்டு ஒரு தடவை ஹாரன் அடித்தார். தெருமுனை திரும்பும் வரைக்கும் அவள் கை வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில், மலை இறங்கும்போது லாரி பள்ளத்தில் விழுந்திருக்கிறது. முதலில் போய்ப் பார்த்தவர் ஒரு பஸ் டிரைவர். "லைட்டு ரெண்டும் பளிச்சுனு எரிஞ்சிட்டிருந்துச்சு. மழைல வைப்பர்கூட ஓடிட்டுத்தான் இருந்துச்சு" என்று உங்கள் ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். பொய் இல்லை. விழுந்த அதிர்ச்சியில் விரிசல் மறுபடி சேர்ந்திருக்கும், அந்த மாட்யூலின் குணம் அப்படி. ஆக, டிரைவர் கண் அசந்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மாப்பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டார். தங்கச்சிக்கு முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி வராது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைத்தான் பார்த்தாள். "லைட்டு போச்சுண்ணா" என்றாள். "வைப்பரும் நின்னுச்சு. எல்லாம் ஒண்ணா. ப்ளோயரப் போட்டாரு, கொஞ்ச நேரத்துல போச்சு."

"அதிர்ச்சில அப்படித்தாம்மா தோணும்" என்று நெற்றியைத் தடவினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலி. அன்றிலிருந்து என்னிடம் அவள் பேசவில்லை. பெரிய இழப்பு, ஆறுவதற்கு நாளாகும் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கீழ் அறையில் கட்டில் போட்டிருக்கிறேன், நான் முன்பே யோசித்து வைத்திருந்த அதே சுவரோரம். வெளிச்சம் நன்றாக வரும். காலையில் தலை வாரி, இரட்டைச் சடை பின்னிவிடுகிறேன். ஊட்டினால் சாப்பிடுகிறாள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு. தலைமாட்டில் ஒரு ஸ்விட்ச் வைத்து, பட்டறையில் பெல் அடிக்கிற மாதிரி வயர் இழுத்திருக்கிறேன். தண்ணீர் வேண்டுமா, புரண்டு படுக்க வேண்டுமா, ஒரு விரலால் அழுத்தினால் போதும், ஓடிவந்துவிடுவேன். இதுவரை ஒரு தடவைகூட அழுத்தவில்லை. யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள குணம். கடல், வேறு வீடு என்கிற பேச்சே இப்போது இல்லை. வீடு பழையபடி ஆகிவிட்டது, சிரிப்புதான் இன்னும் வரவில்லை.

டப்பா உங்கள் மேசைக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, எனக்கே தெரியும். நான் மருந்து வாங்கப் போன நேரத்தில் தங்கச்சி தையல்காரம்மாவைக் கூப்பிட்டு, அலமாரியிலிருந்து அதை எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறாள். மடியில் வைத்துப் பார்த்துவிட்டு அவரிடமே இங்கே கொடுத்தனுப்பியிருக்கிறாள். நீங்கள் உடனே என் தங்கச்சியே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று முடிவுக்கு வந்துவிட்டீர்கள். உங்களுக்கு அவளைத் தெரியாது சார். அண்ணன் மாட்யூலை ஒழுங்காக மாற்றினான், கழற்றிய பழையது இதோ என்று உங்களுக்குக் காட்டத்தான் அனுப்பியிருக்கிறாள். என்னைக் காப்பாற்றத்தான். அதற்குள் இருந்தது நல்லது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த டேப்பைக் கொஞ்சம் பாருங்கள். நான் ஒட்டியது கறுப்பு டேப். இது வெள்ளை, அவள் கட்டுக்கு ஒட்டுகிற ஆஸ்பத்திரி டேப். என்னுடையதைப் பிரித்து உள்ளே பார்த்திருக்கிறாள். பிறகு படுத்த படுக்கையிலேயே, கைக்கு எட்டிய டேப்பை எடுத்து, பின்களை மூடி மறுபடி ஒட்டி, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே நுனியை மடித்தும் விட்டிருக்கிறாள். அந்த நிலைமையிலும் என் சாமானில் தூசி படக்கூடாது என்று அவளுக்கு எவ்வளவு அக்கறை, பார்த்தீர்களா?